ஆடு தின்ற இடாப்பு

அன்புள்ள ஐயா,

திருக்கோவிலில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சிறுவர் கதைகள் எழுதுகிறேன், ஒரு சீ.ஆர். கொப்பி நிறைந்துவிட்டது. மூன்று கதைகளை இத்துடன் அனுப்புகிறேன். எழுத வருமுன் நிறைய வாசிக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் நூலகத்தின் சிறுவர் பகுதியில் புலமைப்பரிசில் வழிகாட்டிகள்தான் அதிகம். எதை வாசிப்பது? மற்றவர்களை வாசித்தால் என் நடை கெட்டுவிடாதா? சொந்தச் செலவில் 500 பிரதி அச்சிடலாமா? படம் வரைய யாரைப் பிடிப்பது?

இன்னொன்று. எங்கள் முன்பள்ளிக்குள் ஆடு புகுந்து வரவு இடாப்பைத் தின்ற கதையைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒரு வரி மாறினாலும் திருத்துகிறார்கள். அதில் படிப்பினை எதுவும் இல்லாததால் எழுதி வைக்கவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள ரீச்சருக்கு,

மூன்று கதைகளையும் வாசித்தேன். பொய் சொன்ன முயல் திருந்துகிறது. சோம்பேறிக் காகம் திருந்துகிறது. மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் ஒன்று கர்வம் பிடித்த இறாலைத் திருத்துகிறது. மொழி சுத்தமாக இருக்கிறது. போட்டிக்கு அனுப்பினால் பரிசுகூடக் கிடைக்கலாம். ஆனால் எனக்குப் பிடித்தது நீங்கள் எழுதாமல் விட்ட ஆட்டுக்கதைதான்.

சிறுவர் நூலை வாங்குபவர் பெரியவர், வாசிப்பது பிள்ளை. கடைசியில் வரும் "ஆகவே பிள்ளைகளே" என்ற வரி வாங்குபவருக்காக எழுதப்படுவது. கொடுத்த காசுக்குப் பிள்ளைக்கு ஏதோ புத்தி கிடைத்தது என்று அவருக்கு ஒரு திருப்தி. பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். அந்த வரி தொடங்கும்போது தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவார்கள். ஆட்டுக்கதையில் எழுந்து போக இடமில்லை. இடாப்பு போய்விட்டது. யார் வந்தார், யார் வரவில்லை என்று மறுநாள் எதில் குறிப்பது? தன் பெயர் ஆட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது என்று ஒரு பிள்ளை அழுதால் ரீச்சர் என்ன செய்வார்? இதற்குமேல் நான் போகக்கூடாது. ஆடு உங்களுடையது.

பிள்ளைகள் திருத்தும் வரிகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் நீங்கள் கைவைக்க வேண்டியதில்லை. மற்றவற்றை வாய்விட்டு வாசியுங்கள். முயல் கதையில் 'ஓடிக்கொண்டிருந்தபோதுதான்' என்று வருகிறது. முதலாம் தரப் பிள்ளை எழுத்துக்கூட்டி அதன் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடும். 'முயல் ஓடியது. அப்போது' என்று உடைத்தால் போதும்.

வாசிப்பால் நடை கெட்டுவிடும் என்ற பயம், நடை இன்னும் கைக்கு வராதவர்களுக்குத்தான் வரும். தாராளமாக வாசியுங்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டிலிருந்து தொடங்கலாம். பாடசாலையில் பாடியிருப்பீர்கள்; இப்போது எழுதுபவராக அதைப் பாருங்கள். நாளைக்கு விடுமுறை, கூழும் கொழுக்கட்டையும் கிடைக்கும். செய்தி இவ்வளவுதான். அவற்றை எப்படிச் செய்கிறார்கள் என்பதை அடுப்படியில் நின்று பார்க்கும் பிள்ளையின் ஆசையோடு சொல்லிக்கொண்டு போகிறார். புத்திமதியைத் தேடிப் பாருங்கள், அகப்படாது. அவர் பிறந்தது 1878இல். இன்று எழுதும் நாம் அவரைவிடக் கிழவர்களாக இருக்கிறோம்.

2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்துச் சிறுவர் நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. கைத்தொலைபேசி போதும். மாஸ்கோவின் ராதுகா பதிப்பகம் வெளியிட்ட தமிழ்ப் படநூல்கள் பழைய வீடுகளில் எங்காவது கிடந்தால் கேட்டு வாங்கி, படமும் எழுத்தும் வேலையை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று பாருங்கள். பேராசிரியர் சி. மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு' என்ற சிறுவர் நாடகத்தையும் தேடுங்கள். அதிலும் ஆடுதான். பயப்படாதீர்கள், உங்கள் ஆடு வேறு.

கூத்தையும் வாசிப்புக் கணக்கிலேயே சேர்ப்பேன். கூத்தாடும் வட்டக்களரிக்குள் வரும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரவுத் தாளம், ஒரு வரவுப் பாட்டு உண்டு. அரசன் வசனம் பேசுமுன்னரே அவன் எப்படிப்பட்டவன் என்று தாயின் மடியில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. உங்கள் முயலோ அரைப்பக்க வருணனை முடியும்வரை அசையாமல் நிற்கிறது. அது முதல் வரியிலேயே ஒரு பொய்யோடு உள்ளே வரட்டுமே!

பாடும் மீனைக் கொஞ்சக் காலம் நிம்மதியாக விடுங்கள். மட்டக்களப்பில் பேனா பிடிக்கும் எல்லோரும் அதைப் பாடவைத்துக் களைக்கவைத்துவிட்டோம். திருக்கோவிலில் இருந்துகொண்டு கல்லடிக்கு ஏன் போகிறீர்கள்? ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் கடற்கரையில் சனம் நெருக்கி நிற்கும்போது, பெரியவர்களின் இடுப்பளவு உயரமுள்ள ஒரு பிள்ளைக்கு என்ன தெரியும்? சுவாமி தெரியாது. வேட்டிகளும் ஈரச் சேலைகளும் யாரோ கழற்றிவிட்ட செருப்புகளும் தெரியும். அந்த உயரத்தில் குனிந்து நின்று ஒரு கதை எழுதிப் பாருங்கள்.

500 பிரதி இப்போது வேண்டாம். வெளியீட்டு விழா வைப்பீர்கள், மேடையில் பேச்சாளர்கள் நிறைந்திருப்பார்கள், மண்டபத்தில் பிள்ளை ஒன்றும் இராது. மிச்சப் பிரதிகள் கட்டிலுக்கடியில் கிடக்கும். அச்சகத்தில் ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் 16 பக்கம் ஒரு போர்ம். படநூல்கள் பெரும்பாலும் 32 பக்கத்தில் நிற்பதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். எட்டு ஏ4 தாள்களை நடுவில் மடித்துத் தைத்தால் அதே 32 பக்கம் வந்துவிடும். ஆட்டுக்கதையை அதில் கையால் எழுதி வகுப்பில் போட்டுவிடுங்கள். எந்தப் பக்கத்தைப் புரட்ட அடிபடுகிறார்கள், எந்தப் பக்கம் கசங்காமலே கிடக்கிறது என்று பார்த்துத் திருத்துங்கள். அச்சுக்குப் போகும் நாளில் நூலுக்குரிய சர்வதேச இலக்கமான ஐ.எஸ்.பி.என்.ஐக் கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெறலாம்.

கைப்பிரதிக்குப் படம் நீங்களே வரையுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அச்சுப் பிரதிக்கு நல்ல ஓவியர் ஒருவரைத் தேடுங்கள். கூலியை வேலை தொடங்குமுன் பேசிக் கொடுங்கள். அட்டையில் அவர் பெயர் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவில் இருக்கட்டும். நம்மிடையே இரண்டையும் மறந்துவிடுவதுதான் வழக்கம்.