பழைய லேத், பழைய மைக்ரோமீட்டர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்துள்ள கேள்விகளில் பல, ‘பாகம் தேய்ந்துவிட்டதா, மாற்றிவிடலாமா?’ என்ற சந்தேகத்தில்தான் முடிகின்றன. பழைய கருவிகளில் தேய்மானம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் அழுக்கு, காய்ந்து பிசினான எண்ணெய், தவறாகப் பொருத்தியது ஆகிய மூன்றும் காரணமில்லை என்று உறுதியான பிறகே எதையும் கழற்ற வேண்டும்.

கேள்வி: என் பழைய லேத்தில் (கடைசல் இயந்திரம்) கம்பியைச் சக்கில் (பிடித்துச் சுழற்றும் பிடிப்பான்) மட்டும் பிடித்துக் கடைந்தால், டெயில்ஸ்டாக் (எதிர்முனைத் தாங்கி) பக்கமுள்ள முனை சற்றுத் தடிமனாக வருகிறது. பெட் (இயந்திரத்தின் நீண்ட அடிப்பகுதி) தேய்ந்துவிட்டதா?

பதில்: உடனே அந்த முடிவுக்கு வர வேண்டாம். சக்கை ஒட்டிய பகுதிதான் அதிகம் உழைத்திருக்கும் என்பதால், பெட் தேய்ந்திருந்தால் அளவு அந்த இடத்தில் மாறி, மற்ற இடங்களில் சரியாக வரும். சக்குக்கு அருகில் சேடிலின் (டூலைச் சுமந்து பெட்டின்மேல் நகரும் பகுதி) ஆட்டம் போகும்படி கிப்பை (அதன் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) இறுக்கினால், டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்தும்போது சேடில் இறுகி நின்றுவிடுவதும் தேய்மானத்தின் அடையாளமே. இவை இரண்டும் இல்லாமல் தடிமன் ஒரே சீராகக் கூடிக்கொண்டே போனால், பெட் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகிப்பேன். சமமில்லாத மேசைமேல் வைத்து போல்ட்டை இறுக்கினாலே வார்ப்பிரும்பு பெட் முறுக்கிக்கொள்ளும்.

இதைச் சோதிக்க, 25 மி.மீ. விட்டமுள்ள உருக்குக் கம்பியைச் சக்கிலிருந்து 150 மி.மீ. அளவுக்கு வெளியே நீட்டிப் பிடித்து, நடுப்பகுதியைக் குறைத்து, இரு முனைகளிலும் ஒவ்வொரு வளையம் மட்டும் நிற்கும்படி கடையுங்கள். பிறகு கூரான டூலால், கிராஸ் ஸ்லைடை (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) தொடாமல், ஒரே ஓட்டத்தில் இரு வளையங்களையும் மிக மெல்லியதாகச் சீவி, இரண்டையும் அளந்து பாருங்கள். ஆழமாகச் சீவினால் கம்பியின் வெளிமுனை வளைந்துகொடுத்து, இல்லாத கோளாறை இருப்பதாகக் காட்டும். டெயில்ஸ்டாக் சென்டரையும் (கம்பியின் முனையைத் தாங்கும் கூர்முனை) இந்தச் சோதனையில் பயன்படுத்தக் கூடாது. அதன் சொந்த விலகல் கணக்கில் கலந்துவிடும்.

வெளிமுனை வளையம் பெரிதாக இருந்தால், போல்ட்டுகளைத் தளர்த்தி, டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலின் (நாம் நிற்கும் பக்கத்துக் கால்) அடியில் 0.05 மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) ஒன்றை வைத்து, மீண்டும் இறுக்கிச் சோதியுங்கள்; சிறிதாக இருந்தால் பின்காலின் அடியில் வைக்க வேண்டும். மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் ரசமட்டம் கிடைத்தால் அதைப் பெட்டுக்குக் குறுக்காக இரு முனைகளிலும் வைத்துப் பார்க்கலாம். இயந்திரம் பூமிக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை, இரு முனைகளிலும் குமிழி ஒரே இடத்தில் நின்றால் போதும். முறுக்கம் நீங்கிய பிறகும் தடிமன் வேறுபாடு மிஞ்சினால்தான் ஹெட்ஸ்டாக் (சக்கைச் சுழற்றும் தலைப்பகுதி) நேராக இருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: 0–25 மி.மீ. மைக்ரோமீட்டரை (திருகால் அளக்கும் நுண்ணளவி) மூடினால் பூச்சியத்துக்குப் பதில் 0.02 காட்டுகிறது. திருகு தேய்ந்ததா?

பதில்: முதலில் ஒரு வெள்ளைத் தாளை அளவு முகங்களுக்கு இடையே லேசாகப் பிடித்து மெல்ல இழுங்கள். பல பழைய மைக்ரோமீட்டர்களில் தாளின்மேல் ஒரு கறுப்புக் கோடு விழும். அந்த எண்ணெய்ப் படலம்தான் பிழைக்குக் காரணமாக இருக்கும். தாள் சுத்தமாக வரும்வரை திரும்பச் செய்து, ராட்செட்டால் (அழுத்தத்தை அளவோடு நிறுத்தும் முனைக் குமிழ்) மட்டும் மூடிப் பாருங்கள். பிழை அப்படியே இருந்தால், கருவியோடு வரும் சிறு ஸ்பேனரால் ஸ்லீவை (அளவுக்கோடுகள் உள்ள உள்குழல்) திருப்பிப் பூச்சியத்துக்குக் கொண்டுவரலாம்.

திருகின் தேய்மானத்தை அறிய, கேஜ் பிளாக்குகளால் (துல்லியமான நீளமுள்ள கட்டைகள்) பல நீளங்களில் சோதிக்க வேண்டும். திருகின் புரி இடைவெளி 0.5 மி.மீ. என்பதால், 5, 10, 15 என்று முழு எண்களை மட்டும் அளந்தால் தம்பிள் (கையால் சுழற்றும் வெளிக்குழல்) ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில்தான் வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள் இருக்கும் பிழை தெரியாது. அதனால்தான் இதற்கான தொகுப்புகளில் 5.1, 7.7, 10.3, 12.9 போன்ற நீளங்கள் இருக்கின்றன. அளவுகளுக்கு நிர்ணயித்த வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். மீட்டர் நீள உருக்கு ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.0115 மி.மீ. நீள்வதால், கடைந்த சூட்டோடு பொருளை அளக்காதீர்கள், ஆறவிட்டு அளங்கள்.

கேள்வி: ஹெட்ஸ்டாக்கில் உள்ள நிப்பிள்களுக்கு (மசகு செலுத்தும் சிறு முனைகள்) கிரீஸ் அடிக்கலாமா?

பதில்: கையேடு அவ்வாறு சொன்னாலொழிய வேண்டாம். பல பழைய லேத்களில் கிரீஸ் நிப்பிள்போல் தெரிவது எண்ணெய் நிப்பிள்தான். கிரீஸ் உள்ளே போய்விட்டால் எண்ணெய் செல்லும் மெல்லிய வழிகள் அடைபட்டு, பேரிங் வறண்டுபோகும். வழுக்குப் பாதைகளுக்கு (சேடில் போன்றவை நகரும் பரப்புகள்) ஐஎஸ்ஓ 68 தர ஸ்லைடுவே எண்ணெய் பொதுவாகப் பொருந்தும்.

கேள்வி: துருப்பிடித்த பாகங்களைச் சலவைச் சோடாக் கரைசலில் மின்சாரம் செலுத்திச் சுத்தம் செய்யலாமா?

பதில்: வார்ப்பிரும்புப் பாகங்களுக்கு நல்ல முறை. ஆனால் நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தவே கூடாது. நச்சான குரோமியச் சேர்மம் கரைசலில் கலக்கும். சாதாரண இரும்புத் தகடு போதும். ஹைட்ரஜன் வெளிவருவதால் காற்றோட்டம் வேண்டும், அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. ஸ்பிரிங்குகளையும் கெட்டிப்படுத்திய வெட்டுக் கருவிகளையும் இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் ஊடுருவி அவை நொறுங்கும் தன்மை பெறலாம். பெட்டின் வழுக்குப் பரப்பில் எமரித் தாளைத் தேய்க்க வேண்டாம். மண்ணெண்ணெயில் ஊறவிட்டுப் பித்தளைத் தகட்டால் சுரண்டினால் துரு மட்டுமே போகும்.

கேள்வி: டயல் கேஜின் (சிறு அசைவை ஊசியால் காட்டும் அளவி) ஊசி திரும்பி வரும்போது பாதியில் நின்றுவிடுகிறது. எண்ணெய் விடலாமா?

பதில்: விடாதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்து, நாளடைவில் பசையாகிவிடும். என்னிடமிருந்த ஒரு கேஜும் இப்படித்தான் நின்றது. உள்ளே திறப்பதற்கு முன் ஸ்டாண்டின் பிடிப்புத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் பிளஞ்சர் (ஏறி இறங்கி அளக்கும் தண்டு) சட்டென்று இறங்கியது. பிளஞ்சரைச் சூழ்ந்த மெல்லிய குழலைத் திருகு நசுக்கியதுதான் காரணம். அப்படித் தளர்த்தியும் சிக்கினால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பிளஞ்சரை முழு நீளத்துக்கும் துடைத்து, உலர்ந்த நிலையிலேயே இருபது முப்பது முறை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள்.