டீயும் நீங்களே, ஜிஎஸ்டியும் நீங்களே: சம்பளம் மட்டும் ஏன் நகரவில்லை?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப்செட் மொத்த வியாபார நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். மொத்தம் 25 பேர். பெயருக்கு ‘ஆபீஸ் அசிஸ்டன்ட்’. வருகைப் பதிவு, டேலியில் கணக்கு, சரக்கு வண்டிக்கு இ-வே பில், பிஎஃப் சலான், ஆடிட்டருக்கு ஜிஎஸ்டி விவரம் அனுப்புவது எல்லாம் நான்தான். விசிட்டர் வந்தால் டீ கொடுப்பதும் நான்தான். காலை 9.30-க்கு வந்தால் இரவு 7.30-க்குத்தான் கிளம்ப முடிகிறது. சம்பளம் 17,500. போன மாதம் சேர்ந்த பையனுக்கு 24,000, அவர் 6.30-க்குக் கிளம்பிவிடுகிறார். முதலாளி அவரைப் பெயர் சொல்லி ‘வாங்க’ என்கிறார், எனக்கு ‘ஏம்மா’தான். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம். என்ன செய்வது?

பதில்: கடிதத்தோடு அனுப்பிய சம்பளச் சீட்டைப் பார்த்தேன். மரியாதையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தச் சீட்டிலிருந்து தொடங்குவோம். இந்த வேலையில் நான் பார்த்தவரை, சம்பளம் சரியானால் ‘ஏம்மா’வும் பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும். சம்பளம் ஏறாமல் மரியாதை மட்டும் வந்த இடங்களில் அது ஆயுத பூஜை வரைகூடத் தாங்குவதில்லை.

முதலில் நேரக் கணக்கு. ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையைக் கழித்தால் நீங்கள் தினமும் 9 மணி நேரம் வேலை செய்கிறீர்கள், ஆறு நாளைக்கு 54. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன்படி நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணிதான் வழக்கமான வேலை. அதற்கு மேல் வேலை வாங்கும் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அப்படி மேல்நேரம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. நீங்கள் அந்தக் கடைசி எல்லையிலேயே நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

17,500-ஐ 26 நாளாலும் 8 மணியாலும் வகுத்தால் மணிக்குச் சுமார் 84 ரூபாய் வரும், இரட்டிப்பாக 168. தினமும் ஒரு மணி வீதம் 26 நாளைக்குக் கணக்குப் போட்டால் மாதம் 4,375 ரூபாய். உங்கள் சம்பளத்தோடு கூட்டினால் 21,875. ஒரு ரூபாய்கூட ‘உயர்வு’ கேட்காமலேயே நீங்கள் புதுப் பையனின் சம்பளத்தை நெருங்கிவிட்டீர்கள். இந்தக் கணக்கை முதலாளி முன்னால் விரித்து வைக்கச் சொல்லவில்லை. நீங்கள் கேட்கப்போகும் தொகை பேராசையில்லை என்று முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான்.

அடுத்தது பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி. சீட்டில் அடிப்படை 10,000, வீட்டு வாடகைப்படி 4,000, சிறப்புப்படி 3,500 என்று இருக்கிறது. பிஎஃப் பிடித்தம் 1,200. அதாவது அடிப்படைக்கு மட்டும் 12 சதவீதம். எல்லோருக்கும் ஒரே மாதிரி மாதாமாதம் தரும் சிறப்புப்படியையும் பிஎஃப் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. உங்கள் ஆபீசில் எல்லோருடைய சீட்டிலும் அந்தப் படி இருக்கிறதா என்பது, சம்பளப் பட்டியல் போடும் உங்களுக்கே தெரியும். இருந்தால் 13,500-க்கு 1,620 போக வேண்டும். கையில் வருவது 420 ரூபாய் குறையும். நிறுவனமும் அதே 420-ஐக் கூடுதலாகப் போட்டாக வேண்டும்.

இனி பேச்சுக்கு வருவோம். ஆபீஸ் நிர்வாக வேலையின் சாபம், ஒழுங்காக நடந்தால் யார் கண்ணிலும் படாது என்பதுதான். முதலாளிக்கு விற்பனைக்காரர் கொண்டுவரும் ஆர்டர் தெரியும், நீங்கள் தடுத்த அபராதம் தெரியாது. அதனால் ஒரே ஒரு தாளைத் தயார் செய்யுங்கள். மாதம் 7-க்குள் டிடிஎஸ் (பிடித்து வைத்த வருமான வரி), 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 15-க்குள் பிஎஃப், ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி (மாத வரிக் கணக்கு). ஒவ்வொன்றிலும் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் ஒரு வரி. 3பி தாமதமானால் நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஒன்பது வருடத்தில் இவற்றில் எத்தனை முறை தவறியது என்று கடைசியில் எழுதுங்கள். பூஜ்யம் என்றால் பூஜ்யம். டீயை அந்தத் தாளில் எழுத வேண்டாம்.

பேசும் நேரத்தையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் உயர்வுக்குப் பிப்ரவரியிலேயே பேசிவிடுங்கள். மார்ச்சில் எந்த முதலாளிக்கும் காது கேட்காது. வெள்ளிக்கிழமையும் வேண்டாம், அன்று பணம் வெளியே போகும் பேச்சையே எடுக்காத கடைக்காரர்கள் நம் ஊரில் நிறைய.

“சார், பத்து நிமிஷம் தனியாப் பேசணுங்க, எப்ப வரட்டும்?” என்று முந்தின நாளே கேட்டு வையுங்கள். உள்ளே போனதும் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள். பள்ளிக் கட்டணம், வாடகை என்று போனால் அது உதவி கேட்பதாகிவிடும், அவரும் தீபாவளிக்கு ஐயாயிரம் சேர்த்துக் கொடுத்து முடித்துவிடுவார். தாளைக் கொடுத்துவிட்டு, “ஏப்ரல்ல இருந்து 24,000 ஆக்கித் தரணுங்க சார், வேலை நேரம் 6.30 வரைக்கும்” என்று சொல்லி நிறுத்துங்கள். அதற்குப் பிறகு வரும் மௌனத்தை நீங்கள் நிரப்பக் கூடாது. பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில்தான் பதறிப்போய், “இல்லைங்க சார், உங்களால முடிஞ்சதைப் போட்டுக் கொடுங்க” என்று தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். “பார்க்கலாம்மா” என்று அவர் சொன்னால், “எந்தத் தேதிக்குள்ள சொல்வீங்க சார்?” என்று கேளுங்கள். அன்று மாலையே பேசியதை இரண்டு வரியில் மெயிலில் அனுப்பிவிடுங்கள்.

புதுப் பையனின் சம்பளத்தை முதல் பேச்சில் இழுக்காதீர்கள். ஒரே மாதிரி வேலைக்கு ஆண் பெண் என்று பார்த்துச் சம்பளத்தில் பாகுபாடு கூடாது என்பது சட்டம்தான். ஆனால் அங்கே தொடங்கினால் “அவரு எம்பிஏ” என்று ஒரே வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். உங்கள் கோரிக்கையை மறுத்த பிறகு எடுக்க வேண்டிய துருப்புச் சீட்டு அது.

பணத்துக்குப் பதிலாகப் பதவி தருகிறேன் என்பார்கள். இதில் கவனம். ‘ஆபீஸ் அசிஸ்டன்ட்’ என்ற பெயரை மாற்றத்தான் வேண்டும். அரசு அலுவலகங்களில் அலுவலக உதவியாளர் என்றால் கடைநிலை ஊழியர், உங்கள் சான்றிதழைப் படிக்கும் அடுத்த கம்பெனியும் அப்படித்தான் நினைக்கும். ‘கணக்கு மற்றும் நிர்வாக அலுவலர்’ போதும். ‘மேனேஜர்’ என்று சும்மா கொடுத்தால் சந்தோஷப்படாதீர்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன கடைகள் சட்டம் பொருந்தாது. பட்டத்தைக் கொடுத்துவிட்டு, “மேனேஜருக்கு ஏதம்மா ஓவர்டைம்?” என்று கேட்கும் வழி இது.

இன்னொன்று, யாரும் சொல்லித் தராதது. ஈஎஸ்ஐ-க்கு எடுத்துக்கொள்ளும் ஊதியம் மாதம் 21,000-ஐத் தாண்டினால் நீங்கள் அந்தத் திட்டத்திலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். உடனே அறுந்துவிடாது, அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தா அந்த ஆண்டு டிசம்பர் வரை கைகொடுக்கும். வீட்டில் யாராவது சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் தொடர்ந்து மருந்து வாங்குகிறார்களா? அப்படியானால் குழு மருத்துவக் காப்பீட்டையும் அதே பேச்சில் கேட்டுவிடுங்கள்.

டீ விஷயத்துக்குத் தனிக் கூட்டம் வேண்டாம். அடுத்த முறை சொல்லும்போது, “சார், இ-வே பில் ஓடிட்டிருக்கு, வண்டி வெளியே நிக்குது. டீக்கு நான் கடைக்குப் போன் பண்ணிடறேன்” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள். முகம் சுளிக்காமல், ஒவ்வொரு முறையும் இதையே. சில வாரங்களில் கடைப் பையன் தானாக வர ஆரம்பித்துவிடுவான். ‘ஏம்மா’வுக்கு, சம்பளப் பேச்சு முடிந்த பிறகு, “கஸ்டமர் முன்னாடி மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க சார், நாளைக்கு அவங்ககிட்ட பாக்கி கேட்கப் போறது நான்தான்” என்றால் போதும். தன் வசூல் பாதிக்கும் என்றால் எந்த வியாபாரியும் யோசிப்பார்.

வேலை போய்விடுமா? ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தராமலும் நீக்கக் கூடாது என்று அதே 1947 சட்டம் சொல்கிறது. மீறினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். நியமனக் கடிதம் கையில் இல்லையென்றால் இப்போதே கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அது கட்டாயம்.

கேட்டும் நடக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள், ஆனால் வெறுங்கையோடு கிளம்பாதீர்கள். ஐந்து வருடம் முடிந்துவிட்டதால், நீங்களாக ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை உண்டு. கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் வருடங்களாலும் பெருக்க வேண்டும். அடிப்படை 10,000-ஐ மட்டும் எடுத்தால் 51,923 ரூபாய். அந்தத் தொகுப்புகளின் புதிய ஊதிய வரையறைப்படி சிறப்புப்படியையும் சேர்த்து 13,500-க்குப் போட்டால் 70,096. எந்தத் தொகையை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்று பார்த்த பிறகே ‘முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்துப் போடுங்கள்.