கல்லூரியில் ஆடிய ஆட்டம் 43 வயதில் கணக்கில் வருமா?

கேள்வி: எனக்கு 43 வயது. கல்லூரி முடியும்வரை வாலிபால் ஆடினேன், அப்புறம் வேலை, குழந்தை என்று எல்லாம் நின்றுபோனது. இப்போது இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. மகளுக்கு 14 வயது, படிப்பு அதிகமாகிவிட்டது, ஓட்டப் பயிற்சியை விடப் போகிறேன் என்கிறாள். கணவருக்குக் கிடங்கில் வேலை. நாள் முழுக்க நின்று, தூக்கி, இறக்குகிறேன், எனக்கு எதற்குத் தனியாக உடற்பயிற்சி என்கிறார். மாமியாருக்கு 71, போன மாதம் குளியலறையில் தடுமாறியதிலிருந்து வெளியே நடக்கவே பயப்படுகிறார். நான் அன்று ஆடியது இன்று எனக்கு உதவுமா? நாங்கள் நால்வரும் சேர்ந்து செய்ய ஏதாவது இருக்கிறதா?

பதில்: முதலில் உங்கள் ஆட்டத்தைப் பற்றியே பேசிவிடலாம், ஏனென்றால் மற்ற மூவருக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

ரால்ஃப் பாஃபன்பார்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஹார்வர்டில் படித்து முடித்த ஆயிரக்கணக்கான ஆண்களை 1960களில் தொடங்கிப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கல்லூரி அணியில் ஆடியவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு குறைவாக வரும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கல்லூரியில் எதுவும் ஆடாமல் இருந்து, பின்னர் சுறுசுறுப்பானவர்களுக்கு அது கிடைத்தது. அவரே நாற்பதுகளின் நடுவில்தான் ஓடத் தொடங்கினார், அதற்கப்புறம் நூற்றுக்கும் மேற்பட்ட மாரத்தான்கள் ஓடினார். ஆக, இதயத்தையும் மூச்சையும் பொறுத்தவரை உங்கள் பழைய ஆட்டம் சேமிப்பில் இல்லை. எலும்பில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பேஸ்பாலில் பந்து எறிபவர்களின் எறியும் கையையும் மறு கையையும் ஒப்பிட்டு 2014இல் வந்த ஓர் ஆய்வில், இளமையில் எறிந்து எறிந்து பெருத்த எலும்பின் அளவில் ஏறக்குறைய பாதி, ஆட்டத்தை விட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்தும் நின்றிருந்தது தெரிந்தது. குதித்து ஆடிய உங்கள் எலும்புக்கும் அப்படி ஒரு பங்கு கிடைத்திருக்கலாம்.

இழந்தது திரும்பி வருமா என்றால், பெரும்பாலும் வரும். 1966இல் டாலஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையை விட்டு எழாமல் வைத்துப் பரிசோதித்தார்கள். அதே ஐவரையும் முப்பது ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களின் இதய நுரையீரல் திறனைக் குறைத்த அளவுக்கு முப்பது ஆண்டு வயது கூடக் குறைத்திருக்கவில்லை! அப்புறம் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததில், முப்பது ஆண்டில் இழந்த திறனை மீட்டுக்கொண்டார்கள். ஐந்தே பேர், எல்லாரும் ஆண்கள், அதனால் இதை எல்லாருக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. இருந்தாலும் வயதின் மேல் நாம் போடும் பழியில் ஒரு பெரிய பங்கு உட்கார்ந்தே இருந்ததற்குச் சேர வேண்டியது என்பதை இது நன்றாகவே காட்டுகிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். உங்களைப் போல வருகிறவர்களிடம் எப்போது நின்றது என்று கேட்டால் யாருமே ஒரு வயதைச் சொல்வதில்லை, ஒரு நிகழ்ச்சியைத்தான் சொல்வார்கள். பள்ளி முடிந்தது, வேலை கிடைத்தது, வீடு மாறினோம், குழந்தை பிறந்தது, முழங்காலில் அடிபட்டது, ஓய்வு பெற்றேன். வாழ்க்கை திரும்பும் இடங்களில்தான் ஆட்டம் கைவிட்டுப் போகிறது, பழைய ஏற்பாடு புதிய வாழ்க்கைக்குப் பொருந்தாததால். அந்த நேரத்தில் அளவைப் பாதியாக்கலாம், கால்வாசியாக்கலாம், ஆட்டத்தையே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முழுதாக நிறுத்தாமல் இருந்தால் போதும், திரும்ப ஏறுவது பத்து மடங்கு சுலபம். உங்கள் வீட்டில் இப்போது ஒருவர் அப்படி ஒரு திருப்பத்தில் நிற்கிறார், உங்கள் மகள்.

அவளிடம் படிப்பு என்ற காரணத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், அதே சமயம் வாதமும் செய்யாமல், மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். இந்த வயதில் பெண்பிள்ளைகள் விளையாட்டை விடுவதற்குப் பின்னால் வெளியே சொல்லாத காரணங்கள் நிறைய இருக்கும்: மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது என்ற குழப்பம், மார்பகம் வளர்வதால் ஓடும்போது வரும் வலியும் கூச்சமும், யாரோ பார்க்கிறார்கள் என்ற உணர்வு, நேரத்தை மட்டுமே பார்க்கும் பயிற்சியாளர், தோழி வேறு பக்கம் போய்விட்டது. விளையாட்டுக்கென்றே உள்ள சரியான அளவு உள்ளாடை ஒன்று வாங்கிக் கொடுத்ததும் பிரச்சினை தீர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஓட்டம் வேண்டாம் என்றால் விடட்டும், நடனமோ நீச்சலோ பந்தோ, அவளே தேர்ந்தெடுக்கட்டும். 5 முதல் 17 வயதுவரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடலியக்கம் வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது மூச்சிரைக்கும்படியும் எலும்புக்கும் தசைக்கும் வேலை தரும்படியும் அது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எலும்பு தன் உச்ச வலுவை ஏறக்குறைய இருபதுகளின் இறுதிக்குள் எட்டிவிடுகிறது, அதில் பெரும்பகுதி சேர்வது அவளுடைய இந்த வயதில்தான், அதனால் குதித்தலும் ஓடுதலும் உள்ள ஏதோ ஒன்று இருப்பது நல்லது. படிப்பு நேரத்தில் கொஞ்சம் எடுத்து ஆடுவதால் மதிப்பெண் குறையும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் பொதுவாக ஆதரவு இல்லை. தேர்வு மாதத்தில் மட்டும் நாளுக்கு இருபது நிமிடம் என்று குறைத்துக்கொள்ள இப்போதே பேசி வையுங்கள்.

அடுத்து உங்கள் கணவர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உடலியக்கத்துக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறையே வேலை செய்பவர்களைப் பார்த்துத்தான் தொடங்கியது. லண்டனின் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களைவிட நாள் முழுக்கப் படி ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று ஜெரமி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1953இல் எழுதினார். ஆனால் பின்னர் டென்மார்க்கிலும் வேறு இடங்களிலும் செய்த ஆய்வுகளில் சங்கடமான ஒன்று தெரியவந்தது: ஓய்வு நேரத்தில் உடலை இயக்குபவர்களுக்குக் கிடைக்கும் நன்மை, வேலையில் பாரம் தூக்கி உழைப்பவர்களுக்கு அதே அளவில் கிடைக்கவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் இருந்தது. இதைப் பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது, வருமானம், புகைபிடித்தல் போன்றவையும் கலந்திருக்கலாம் என்பவர்கள் உண்டு. எனக்கு ஏற்கத்தக்கதாகத் தோன்றும் விளக்கம் இது. எட்டு மணி நேரம் நிற்பதும் தூக்குவதும் ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் லேசாக உயர்த்தி நீண்ட நேரம் அப்படியே வைத்திருக்கிறது, இதயம் வலுப்பெறும் அளவுக்கு மூச்சு வாங்குவதில்லை, நடுவில் ஓய்வும் நம் கையில் இல்லை. இருபது நிமிடம் வேகமாகச் சைக்கிள் மிதித்தால் இதயம் உச்சத்துக்குப் போய் இறங்கி ஓய்வெடுக்கிறது. இரண்டும் உடலுக்கு வெவ்வேறு வேலைகள்.

அதனால் அவரிடம் இன்னும் உழை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், ஏற்கெனவே களைத்து வருபவர் அவர். வேலைக்கு எதிரான ஒன்று அவருக்குத் தேவை: பாரம் இல்லாமல், மூச்சு வாங்கும்படி, பிடித்ததாக. நீச்சல், சைக்கிள், நண்பர்களோடு ஷட்டில், எதுவானாலும் சரி. வேலை நாட்களில் முடியாது என்றால் விடுமுறை நாட்கள் இரண்டிலுமே வைத்துக்கொள்ளட்டும். வாரத்தின் மொத்த அளவை ஓரிரு நாளில் முடிப்பவர்களுக்கும், பரவலாகச் செய்பவர்களுக்குக் கிட்டத்தட்ட ஈடான பலன் கிடைப்பதைப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரேயடியாக வேகம் கூட்டினால் தசைப்பிடிப்பும் சுளுக்கும் வரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நீங்கள். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசை வலுப்பயிற்சி. மிதம் என்றால் பேச முடியும், பாட முடியாது. கடுமை என்றால் நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு எடுக்க வேண்டிவரும். முன்பெல்லாம் தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் வரும் என்பார்கள், அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், மூன்று நிமிடப் படியேற்றமும் இப்போது கணக்கில் சேரும். 150 என்ற எண் உங்களை மிரட்ட வேண்டாம். சும்மா இருப்பவர் கொஞ்சம் செய்யத் தொடங்கும்போது கிடைக்கும் லாபம்தான் மிகப் பெரியது, நிறையச் செய்பவர் இன்னும் கூட்டுவதில் கிடைப்பது அதைவிடக் குறைவு.

உங்கள் ஆபத்து வேறொன்று. ஆடிப் பழகிய மனசு நாளைக்கே வாலிபால் களத்தில் இறங்கச் சொல்லும். கை கால்களுக்கு ஆட்டம் மறந்திருக்காது, ஆனால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தசைநாணும் முழங்கால் தசைநாணும் இருபது வருடமாகக் குதித்ததில்லை. மூச்சு சில வாரங்களில் தேறிவிடும், தசைநாண் தேறப் பல மாதம் ஆகும், அந்த இடைவெளியில்தான் பழைய ஆட்டக்காரர்கள் அடிபட்டு என்னிடம் வருகிறார்கள். முதல் ஆறு வாரம் வேக நடையும் படியேற்றமும் போதும், 15 நிமிடத்தில் தொடங்கி 30 வரை. அதோடு வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குதல், எலாஸ்டிக் பட்டையை இழுத்தல், ஒவ்வொன்றும் எட்டுப் பன்னிரண்டு தடவை, கடைசி இரண்டு தடவை கொஞ்சம் சிரமமாகத் தோன்றும் அளவுக்கு. அதற்கப்புறம் சின்னச் சின்னக் குதிகள், மூன்று மாதம் கழித்துப் பந்து. மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்குகிறீர்கள், அந்தச் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரையும், ஆகவே நடையோடு மட்டும் நிறுத்திக்கொள்ளாமல் வலுப்பயிற்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குதிக்கும்போதோ இருமும்போதோ சிறுநீர் கசிகிறதா? பிள்ளை பெற்ற பெண்களில் நிறையப் பேர் ஆட்டத்தைக் கைவிட இதுதான் காரணம், யாரிடமும் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியைச் சரியாகக் கற்றுச் செய்தால் பெரும்பாலானோருக்கு நன்றாகக் குறைகிறது, இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். வெட்கப்பட எதுவும் இல்லை.

மாமியார் விஷயத்தில்தான் எனக்கு அவசரம். தடுமாறினார், பயந்தார், நடப்பதைக் குறைத்தார், குறைத்ததால் கால் இளைக்கும், இளைத்த கால் மறுபடி தடுமாறும். இந்தச் சுற்றை இப்போதே அறுக்க வேண்டும். அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது அன்பாகத் தெரியும், காலுக்கு அது பட்டினி. 65 வயதுக்கு மேல் வாரம் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. தினம் இரண்டு வேளை, கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரட்டும், முதலில் கையை ஊன்றி, பின்னர் ஊன்றாமல். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலின் விரல்களுக்கு முன்னால் மறு காலின் குதிகால் ஒட்டும்படி வைத்துப் பத்து நொடி நிற்கட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். 71 வயதில் இதெல்லாம் ஆகுமா என்று அவர் கேட்டால், மரியா ஃபியடரோனி குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள். முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய தளர்ந்தவர்களுக்கு எட்டு வாரம் கால் வலுப்பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது.

நால்வரும் சேர்ந்து செய்ய ஒரே பயிற்சி கிடையாது, ஆனால் ஒரே நேரத்தை வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு மாலை, அரை மணி நேரம், யாரும் போனைத் தொடாமல். மாமியார் நாற்காலியில் எழுந்து உட்காரட்டும், எண்ணுவது மகளின் வேலை, நீங்கள் பட்டையை இழுங்கள், கணவர் முதுகை நீட்டி இளக்கிக்கொள்ளட்டும். மற்ற நாட்களில் அவரவர் வழி. காய்ச்சல், பயணம், வேலை நெருக்கடி என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் பாதி அளவில் ஆரம்பியுங்கள்.

தொடங்கும் முன் சில விஷயங்கள். நெஞ்சில் அழுத்தம், சாதாரண வேலைக்கே புதிதாக மூச்சுத்திணறல், மயக்கம், படபடப்பு, இதில் எது யாருக்கு இருந்தாலும் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குவது வருடக்கணக்கில் மெதுவாகக் கூடியதா, சில வாரங்களில் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள், திடீரென வந்ததென்றால் ரத்தசோகை, தைராய்டு, இதயம் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக் கூடாது. மாமியார் ஏன் தடுமாறினார் என்பதும் தெரிந்தாக வேண்டும்: படுத்து எழும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா, தூக்க மாத்திரை ஏதும் உண்டா, கண்ணாடி சரியாக இருக்கிறதா, குளியலறைத் தரை வழுக்குகிறதா. சுவரில் பிடிமானக் கம்பியை இந்த வாரமே பொருத்திவிடுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், வீட்டுக்கு வந்ததும் அன்று மாலையே அந்த நாற்காலியைச் சுவரோரம் போடலாம்.