வாத்து நொண்டினால் முதலில் உள்ளங்காலைப் பாருங்கள்

கேள்வி: வீட்டுப் பின்கட்டில் செல்லமாக ஒரு வெள்ளை பெக்கின் பெட்டை வாத்து வளர்க்கிறோம். வயது 8 மாதம். ஒரு வாரமாக வலது காலை ஊன்ற முடியாமல் தாங்கித் தாங்கி நடக்கிறது. உள்ளங்காலில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஏதோ தெரிகிறது. அதற்குத் துணையாக வாங்கிவிட்ட ஒரு மாதக் குஞ்சுக்கும் கால் வில்லாக வளைந்து, நாலடி வைத்ததும் உட்கார்ந்துவிடுகிறது. தரை முழுக்க சிமெண்ட். தீவனம் சோறு, நொய், மிஞ்சிய இட்லி. நமக்கு வாங்கும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
— ஆரணியிலிருந்து ஒரு வாசகி

பதில்: மாத்திரை வேண்டவே வேண்டாம். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்துதான், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அந்த இனத்தையே ஏறக்குறைய அழித்தது. 2006-இல் அதைக் கால்நடைகளுக்குக் கொடுக்கத் தடை வந்தது. பறவைக்கு எந்த வலி மருந்து, எவ்வளவு என்பதை எடை பார்த்து மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

இரண்டும் நொண்டினாலும் நோய் ஒன்றல்ல. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பெரியதற்குத் தரையால் வந்தது, குஞ்சுக்குத் தீவனத்தால் வந்தது.

பெரியதை முதலில் பார்ப்போம். இறக்கை இரண்டையும் உடம்போடு சேர்த்து இரு கையாலும் அணைத்துத் தூக்கி, தலை பின்பக்கம் இருக்கும்படி கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள். துண்டால் கண்ணை லேசாக மூடினால் அடங்கிவிடும். இன்னொருவர் நல்ல காலையும் நொண்டும் காலையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்க்கட்டும். சூடு, வீக்கம், விரலிடைச் சவ்வில் கிழிசல், முள், நகக்கண்ணில் சுற்றிய நூல் அல்லது தலைமுடி, இவற்றில் ஏதாவது இருக்கிறதா? பிறகு அகலமான டப்பில் ஓர் அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பி மிதக்க விடுங்கள். தண்ணீரில் இரண்டு காலையும் ஒரே மாதிரி உதைத்து நீந்தி, தரையில் மட்டும் நொண்டினால் பெரும்பாலும் உள்ளங்கால்தான் நோவு. தண்ணீரிலும் ஒரு கால் துவண்டு பின்னால் இழுபட்டால் எலும்போ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

கறுப்புப் புள்ளி என்கிறீர்களே, அது உள்ளங்கால் ஆணி. 3 கிலோவுக்கு மேல் போகும் பெக்கின் போன்ற கனத்த வாத்து நாள் முழுக்கச் சிமெண்டில் நின்றால் பாதத்தின் நடுமேடு தேய்ந்து கீறிவிடும். அந்தக் கீறல் வழியாக ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி உள்ளே போகிறது. மேலே கறுப்புப் பொருக்கு கட்டும், அடியில் சீழ் சேரும். ஆனால் பறவையின் சீழ் வடியாது. பாலாடைக்கட்டி போல மஞ்சளாக இறுகிக் கிடக்கும். அதனால்தான் பிதுக்கினால் ஒன்றும் வராது, உள்ளே இன்னும் ஆழமாகத்தான் பரவும். பிளேடால் தோண்டுவதும் அதே கதைதான். பாதத்தில் ரத்த நாளமும் தசைநாணும் நெருக்கமாக ஓடுகின்றன, வெட்டு தவறினால் கால் போய்விடும்.

மிளகு அளவில் இருக்கும்போதே பார்த்துவிட்டது நல்லது. தினமும் ஒரு வேளை, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி எப்சம் உப்பைக் (பேதி உப்பு) கரைத்து, நொண்டும் காலை அதில் 10 நிமிடம் ஊற வையுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், பேதியாகும். காலை நன்றாக ஒற்றித் துடைத்து பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவி, நாலாக மடித்த காஸ் துணியைப் பாதத்தின் நடுவில் வைத்து, விரல்களுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாக டேப் சுற்றுங்கள். ஊறிய பொருக்கு தானாகக் கழன்றால் கழலட்டும். கையுறை போட்டுக்கொள்வது அவசியம், அந்தக் கிருமி நம் கைக் காயத்திலும் புகும்.

கட்டுப் போடுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். இறுக்கிச் சுற்றினால் சில மணி நேரத்தில் விரல்கள் வீங்கிக் குளிர்ந்துவிடும். கட்டி அரை மணி கழித்து ஒரு முறை தொட்டுப் பாருங்கள். ஈரக் கட்டு, கட்டே இல்லாததைவிட மோசம். வாத்து தண்ணீரை விடாது என்பதால், குளியல் முடிந்து, கால் உலர்ந்த பிறகே கட்ட வேண்டும். அன்றைக்கு மறுபடி குளியல் கிடையாது. தலை மட்டும் முக்கும் ஆழத்தில் ஒரு வாளித் தண்ணீர் போதும். கண்ணும் மூக்கும் கழுவ அது கட்டாயம் வேண்டும்.

புண் ஆறினாலும் தரை மாறாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். அறுவடை முடிந்த வயல் சேற்றில் மேயும் நம் நாட்டு இனமான ஆரணி வாத்துக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. கால் பதிய மண் இருக்கிறது, உடம்பிலும் கனமில்லை. உங்கள் பின்கட்டில் படுக்கும் இடம், தீவனத் தட்டைச் சுற்றி, தண்ணீர் வாளியைச் சுற்றி, இந்த மூன்றிலாவது 4 அங்குலத்துக்கு உமியோ வைக்கோலோ பரப்புங்கள். நனைந்ததை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். பூஞ்சை வாடை அடிக்கும் பழைய வைக்கோல் ஆகாது, நுரையீரலைப் பிடிக்கும். வாளியைக் கம்பி வலை போட்ட தட்டின் மேல் வைத்தால் சிந்துவது படுக்கைக்கு வராது.

இனி குஞ்சு. வளரும் வாத்துக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 55 மில்லிகிராம் நியாசின் (வைட்டமின் பி3) வேண்டும். கோழிக்குஞ்சைவிட இது அதிகம். உடம்பிலேயே அந்தச் சத்தைச் செய்துகொள்ளும் திறன் வாத்துக்குக் குறைவு. வடித்த சோற்றில் தேவையில் கால் பங்குகூட இருக்காது. விளைவு, கணுக்கால் மூட்டு தடித்து, கால் வளைந்து, குஞ்சு மூட்டின் மேலேயே உட்கார்ந்து நகரும். உடனே செய்ய வேண்டியது, ஒரு லிட்டர் குடிநீருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் நியாசின் கலந்து, தினமும் புதிதாக வைப்பது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரை வேண்டாம். கூடவே தீவனத்தில் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் என்ற சத்துள்ள ஈஸ்ட் பொடி, ஒரு கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி. ஆரம்ப நிலையாக இருந்தால் சில நாளிலேயே எழுந்து நடக்கும். கணுக்காலின் பின்னால் ஓடும் தசைநாண் பள்ளத்திலிருந்து பக்கவாட்டில் நழுவியிருந்தால் சத்து கொடுத்து மட்டும் நேராகாது, அதை மருத்துவர் பார்க்க வேண்டும். அதனால் நாள் கடத்தாதீர்கள்.

சோறும் இட்லியும் இனி கைத்தின்பண்டம் மட்டும். குஞ்சுக்கு மருந்து கலக்காத ஸ்டார்ட்டர் (குஞ்சுப் பருவத்) தீவனம். பெரியதற்கு நாளுக்கு 150 கிராம் அளவில் லேயர் (முட்டையிடும் பறவைக்கான) தீவனம் போட்டு, நத்தை, அசோலா என்ற நீர்ப்பாசி, நறுக்கிய கீரை சேர்க்கலாம். முட்டையிடும் வயது என்பதால் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில், குஞ்சுக்கு எட்டாமல் வையுங்கள். லேயர் தீவனமும் குஞ்சுக்கு ஆகாது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். அந்தப் பூஞ்சை சுரக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சை வாத்து சிறிதும் தாங்காது, அதனாலும் நொண்டல் வரும்.

இரண்டுக்கும் ஓய்வு வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி தடுப்பு போதும். நடுவே வலை வைத்து ஒன்றையொன்று பார்க்கும்படி விடுங்கள், தனித்துவிட்டால் தீனி எடுக்காது. தினமும் கட்டு மாற்றுவதற்கு முன் 10 நிமிடம் மிதக்க விட்டால் எடை இறங்கி, கால் தசை வற்றாமல் இருக்கும். குஞ்சுக்கு வெதுவெதுப்பான தண்ணீர். பக்கத்திலேயே நில்லுங்கள். நோயுற்ற வாத்தின் இறகில் எண்ணெய்ப்பூச்சு குறைந்திருக்கும், நனைந்து மூழ்கிவிடும்.

ஒரு வாரத்தில் ஆணி சுருங்காவிட்டாலோ, வீக்கம் மேலேறிக் கால் சுட்டாலோ கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். வாத்து வாலை உந்தி உந்தி முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். பச்சைக் கழிச்சல், கண்ணில் நீர், கழுத்து துவளல் இருந்தால் அது வாத்து பிளேக் என்ற தொற்றுநோயோ நஞ்சோ வேறு கிருமியோ ஆகலாம். உடனே தனியே பிரித்துவிட்டு கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962-ஐ அழையுங்கள். எடுத்துப் போகும்போது வைக்கோல் போட்ட அட்டைப்பெட்டியில் உட்கார வையுங்கள். கோழியைப் போலக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டால், இப்போது நன்றாக இருக்கும் காலும் மூட்டு கழன்றுவிடும்.