எண் இருக்கிறது, அலகு எங்கே? – சூழலியல், உயிரித்தொழில்நுட்பக் கேள்வி-பதில்

கேள்வி: குறியிட்டு மறுபடி பிடிக்கும் முறையில் முதலில் 40 நத்தைகளுக்குக் குறியிட்டு விட்டோம். மறுநாள் 50 பிடித்தோம், அவற்றில் 10-க்குக் குறி இருந்தது. மொத்தம் 8 என்று விடை வருகிறது. சரியா?

பதில்: 40 நத்தைகளை நீங்களே குறியிட்டு விட்டிருக்கிறீர்கள். மொத்தம் 8 எப்படி இருக்கும்? விடை வந்ததும் கேள்வியை ஒரு முறை திரும்பப் படித்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. முதல் பிடிப்பை இரண்டாம் பிடிப்பால் பெருக்கி, குறியோடு திரும்பக் கிடைத்தவற்றால் வகுக்க வேண்டும்: 40 × 50 ÷ 10 = 200.

கணக்கைவிடப் பெரிய பிழை 'மறுநாள்' என்பதில் இருக்கிறது. நத்தை மெல்ல நகரும் உயிர். குறியிட்டவை மற்றவற்றோடு கலக்கச் சில நாட்களாவது விட வேண்டும். விட்ட இடத்திலேயே மறுநாள் தேடினால் குறியுள்ளவையே அதிகம் சிக்கும், மதிப்பீடு குறைந்துபோகும். பெயிண்டையும் ஓட்டின் உச்சியில் பளிச்சென்று பூசாதீர்கள். பறவைகள் அவற்றை முதலில் பொறுக்கித் தின்றுவிடும், மதிப்பீடு அப்போது மேலே ஏறும். ஓட்டின் விளிம்பில், அடிப்பக்கமாக ஒரு சிறு புள்ளி போதும்.

கேள்வி: உயிரினங்கள் நிறைய இருக்கும் எந்தக் காட்டையும் பல்லுயிர் ஹாட்ஸ்பாட் (முன்னுரிமை தந்து காக்க வேண்டிய பகுதி) எனலாமா?

பதில்: கூடாது. நிபந்தனைகள் இரண்டு: வேறெங்கும் இல்லாத தாவர இனங்கள் குறைந்தது 1,500 இருக்க வேண்டும்; இயற்கைத் தாவரப் போர்வையில் 70 சதவீதமாவது ஏற்கெனவே அழிந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் இந்தப் பட்டியல் எதற்காகப் போடப்பட்டது என்பதே விளங்காது.

கேள்வி: ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்ததால்தானே பூமி சூடாகிறது?

பதில்: இல்லை. ஓசோன் குறைந்தால் தரைக்கு வரும் புறஊதாக் கதிர் கூடும். பூமி சூடாவதற்கு முதன்மைக் காரணம் கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் வெப்பத்தைப் பிடித்து வைப்பது. குளோரோபுளோரோகார்பன்கள் இரண்டு வேலையையும் செய்வதால் குழப்பம் வருகிறது. மான்ட்ரியல் உடன்படிக்கை (1987) ஓசோனுக்கு, கியோட்டோ (1997) பசுமை இல்ல வாயுக்களுக்கு. மாற்றி எழுதாதீர்கள்.

கேள்வி: சூரியனிலிருந்து 10,000 ஜூல் வந்தால் 10 சதவீத விதிப்படி தாவரத்துக்கு 1,000, தாவர உண்ணிக்கு 100, ஊன் உண்ணிக்கு 10. மீதி 90 சதவீதம் வெப்பமாகப் போய்விடும். கடலில் பிரமிடு தலைகீழாகும் என்கிறார்களே, அங்கே மட்டும் இந்த விதி பொய்யா?

பதில்: ஒரே கடிதத்தில் மூன்று பிழைகள். மூன்றையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது, 10 சதவீதம் என்பது ஓர் ஊட்ட மட்டத்திலிருந்து (உணவுச் சங்கிலியின் ஒரு படி) அடுத்த ஊட்ட மட்டத்துக்குப் போகும் ஆற்றல். சூரியன் ஊட்ட மட்டம் அல்ல. தாவரத்தின் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் அதன் உடலில் உணவாகச் சேர்கிறது. எனவே 10,000 ஜூல் ஒளி என்றால் தாவரத்துக்கு 100, தாவர உண்ணிக்கு 10, ஊன் உண்ணிக்கு 1. 'சூரிய ஒளி 10,000' என்று கேட்கிறார்களா, 'உற்பத்தியாளரிடம் 10,000' என்று கேட்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள். விடை நூறு மடங்கு மாறும்.

இரண்டாவது, 90 சதவீதமும் அப்படியே வெப்பமாகிவிடுவதில்லை. ஒரு பகுதி தின்னப்படுவதே இல்லை: வேர், தண்டு, உதிர்ந்த இலை. தின்றதில் ஒரு பகுதி செரிக்காமல் எச்சமாக வெளியேறுகிறது. இவை இரண்டும் சிதைப்பவைகளுக்குப் போகும் உணவு. கடைசியில்தான் அவற்றின் சுவாசத்தில் வெப்பமாகும். செரித்ததிலும் பெரும்பகுதி அந்த விலங்கின் சுவாசத்தில் செலவாகிறது. இத்தனையும் போக உடலில் சேர்ந்த மிச்சமே அடுத்த மட்டத்துக்கு. ஒரு கம்பளிப்புழு தின்ற இலையில் பாதி எச்சமாகிறது, மூன்றில் ஒரு பங்கு சுவாசத்துக்குப் போகிறது, ஆறில் ஒரு பங்கு உடலாகிறது. பாலூட்டியும் பறவையும் உடல்வெப்பத்தைக் காக்கவே எரித்துத் தீர்ப்பதால், செரித்ததில் ஒன்றிரண்டு சதவீதம் மட்டுமே அவற்றின் உடலில் தங்குகிறது. ஆகவே 10 என்பது சராசரிக்கு வசதியான ஒரு முழு எண். உண்மையில் 5 முதல் 20 வரை போகும். சூழலியலாளர் லிண்டெமான் 1942-இல் ஓர் ஏரியை ஆராய்ந்து ஆற்றல் ஓட்டக் கருத்தை எழுதினார். எல்லா உயிருக்கும் ஒரே எண் என்று விதித்துவிடவில்லை. தேர்வில் 10 போட்டுக் கணக்கிடுங்கள், ஆனால் அதை மாறிலி என்று எழுதாதீர்கள்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் வருத்துவது. எந்தப் பிரமிடு தலைகீழாகும்? பிரமிடு மூன்று வகை, மூன்றுக்கும் அலகு வேறு. எண்ணிக்கைப் பிரமிடு ஒரு பரப்பில் உள்ள உயிர்களின் எண்ணிக்கை. ஒரு மரத்தில் ஆயிரம் பூச்சிகள் இருந்தால் அது தலைகீழாகும். உயிர்த்திரள் (உயிர்களின் மொத்த எடை) பிரமிடு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம், அதுவும் அளந்த அந்த நேரத்தில் இருந்த இருப்பு. ஆங்கிலக் கால்வாயில் அளந்தபோது மிதவைத் தாவரம் சதுர மீட்டருக்கு 4 கிராம், மிதவை விலங்குகளும் கடலடி விலங்குகளும் சேர்ந்து 21 கிராம். எப்படிச் சாத்தியம்? மிதவைத் தாவரம் ஓரிரு நாளில் இரட்டிக்கிறது, பெருகப் பெருகத் தின்னப்படுகிறது. இருப்பு குறைவு, வரத்து அதிகம். நாள்தோறும் சம்பாதித்து நாள்தோறும் செலவழிப்பவர் கையில் எந்த நேரம் பார்த்தாலும் காசு குறைவாகத்தான் இருக்கும். அதை வைத்து அவருடைய ஆண்டு வருமானத்தைச் சொல்ல முடியாது.

ஆற்றல் பிரமிடின் அலகு சதுர மீட்டருக்கு, ஆண்டுக்கு, இத்தனை கிலோஜூல். 'ஆண்டுக்கு' என்ற அந்தச் சொல்தான் இதன் உயிர். அது இருப்பை அல்ல, ஓட்டத்தை அளக்கிறது. ஓட்டத்தில் மேல்மட்டம் கீழ்மட்டத்தைவிட அதிகம் பெறவே முடியாது. கடலிலும் காட்டிலும் அது நிமிர்ந்தே நிற்கும். அலகை எழுதாமல் பிரமிடு வரைந்தால் அது முக்கோணம் மட்டுமே. எத்தனை முறை சொன்னாலும் அலுக்காமல் சொல்வேன்: அலகை எழுதுங்கள்.

கேள்வி: குவாட்ரட்டில் (செடிகளை எண்ணத் தரையில் வைக்கும் சதுரச் சட்டம்) 14 செடிகள் வந்தன. மைதானத்தில் மொத்தம் எத்தனை?

பதில்: குவாட்ரட்டின் பரப்பு என்ன? மைதானத்தின் பரப்பு என்ன? எத்தனை முறை வைத்தீர்கள்? எதையும் எழுதவில்லை. அரை மீட்டர் பக்கமுள்ள சட்டம் என்றால் அதன் பரப்பு 0.25 சதுர மீட்டர். அரை சதுர மீட்டர் என்று போட்டால் விடை பாதியாகிவிடும். ஒரே ஒரு முறை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பத்து இடங்களாவது வேண்டும், இடங்களை உங்கள் கண் தேர்ந்தெடுக்கக் கூடாது. இரண்டு அளவு நாடாக்களைச் செங்குத்தாக விரித்து, சமவாய்ப்பு எண்களை எடுத்து அந்தப் புள்ளியில் வையுங்கள். சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் எறிவது சமவாய்ப்பும் அல்ல, பாதுகாப்பும் அல்ல.

கேள்வி: வெங்காயத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்தோம். வெள்ளை இழை வரவில்லை, கலங்கல்தான் வந்தது.

பதில்: என்ன அளவுகள் என்று எழுதியிருந்தால் காரணத்தைச் சுட்டியிருப்பேன். எழுதாததால் முழுதாகச் சொல்கிறேன். உப்பு 3 கிராம், பாத்திரம் கழுவும் திரவம் 10 மி.லி., தண்ணீர் சேர்த்து 100 மி.லி. அதில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் போட்டு 60 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைத்து, உடனே பனிக்கட்டி நீரில் 5 நிமிடம் குளிரவையுங்கள். அந்தச் சூடு டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளை முடக்கும். அதற்கு மேல் நேரமோ சூடோ கூடினால் டி.என்.ஏ.வே உடையும். மிக்ஸியில் 5 விநாடி, அவ்வளவுதான். வடிகட்டி, சோதனைக் குழாயில் 5 மி.லி. எடுத்து, அதே அளவு பனிபோல் குளிர்ந்த எத்தனாலைச் சுவரோரம் மெல்ல வழிய விடுங்கள். இரண்டு அடுக்காக நிற்க வேண்டும், குலுக்கக் கூடாது.

கலங்கலுக்கு வழக்கமான காரணங்கள்: எத்தனால் குளிராக இல்லை, நீர் கலந்தது, அல்லது நெடுநேரம் அரைத்ததில் இழைகள் துண்டாகிவிட்டன. எத்தனால் எளிதில் தீப்பற்றும். சுடரை அணைத்த பிறகே புட்டியைத் திறவுங்கள். கிடைக்கும் இழையில் ஆர்.என்.ஏ.வும் புரதமும் பெக்டினும் கலந்திருக்கும். 'தூய டி.என்.ஏ.' என்று பதிவேட்டில் எழுதாதீர்கள்.

கேள்வி: மனித இன்சுலின் ஜீனை அப்படியே வெட்டி பாக்டீரியாவில் வைத்தால் இன்சுலின் வருமா?

பதில்: வராது. மனித ஜீனில் இன்ட்ரான்கள் (புரதத்துக்கான செய்தி இல்லாத இடைப்பகுதிகள்) உண்டு, பாக்டீரியாவுக்கு அவற்றை நீக்கத் தெரியாது. முதிர்ந்த தூது ஆர்.என்.ஏ.விலிருந்து ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி கொண்டு உருவாக்கிய டி.என்.ஏ. நகலையோ, செயற்கையாகத் தொகுத்த ஜீனையோ வைக்க வேண்டும்.

கேள்வி: பி.பி.ஆர். 322 பிளாஸ்மிடில் (ஜீனை பாக்டீரியாவுக்குள் கொண்டுசெல்லும் வட்ட டி.என்.ஏ.) ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு ஜீன் ஒன்று போதாதா, இரண்டு எதற்கு?

பதில்: ஒன்று 'பிளாஸ்மிட் உள்ளே போனதா' என்று சொல்லும், மற்றது 'அதில் நம் ஜீன் சேர்ந்ததா' என்று சொல்லும். பாம் ஹெச் 1 நொதி வெட்டும் இடம் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு ஜீனுக்குள் இருக்கிறது. அங்கே நம் ஜீன் நுழைந்தால் அந்த எதிர்ப்பு போய்விடும், ஆம்பிசிலின் எதிர்ப்பு மிஞ்சும். முதலில் ஆம்பிசிலின் தட்டில் வளர்த்து, அதே அமைப்பில் டெட்ராசைக்ளின் தட்டுக்கு ஒற்றி எடுங்கள். இரண்டாவதில் வளராத காலனிகளே நமக்கு வேண்டியவை. அவற்றை முதல் தட்டிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டாவது தட்டில் வளர்ந்து நிற்பதை எடுப்பவர்கள் வெறும் பிளாஸ்மிடைத்தான் எடுக்கிறார்கள். இரு தட்டுகளின் விளிம்பிலும் ஒரே இடத்தில் அடையாளம் போடாவிட்டால் எது எதற்கு நேர் என்று தெரியாது.

செய்முறையில் இன்னொன்று: ஊடகம் 50 டிகிரிக்கு ஆறிய பின்பே ஆம்பிசிலின் சேர்க்கவும். கொதிநிலையில் ஊற்றினால் மருந்து சிதைந்து எல்லாமே வளரும். அளவு மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். மில்லிகிராம் அல்ல.

கேள்வி: எல்லா விதைகளையும் விதை வங்கியில் வைக்கலாமா?

பதில்: முடியாது. ஈரப்பதத்தை 5 சதவீத அளவுக்கு உலர்த்தி, மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் பெரும்பாலான பயிர் விதைகள் பல்லாண்டு தாங்கும். ரப்பர், கொக்கோ, மா போன்றவற்றின் விதைகள் உலர்த்தினாலே செத்துவிடும். அவற்றுக்கு வயலில் மரமாகவே காப்பது, அல்லது கருவச்சை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைப்பது. வங்கியில் வைத்ததையும் அவ்வப்போது முளைக்கவைத்துப் பாருங்கள். முளைப்புத் திறன் தொடக்கத்தில் இருந்ததில் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மறுபடி விதைத்துப் புது விதை எடுக்க வேண்டும்.

கேள்வி: குளத்து நீரின் பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) பார்க்கப் புட்டியை ஜன்னலோரம் 5 நாள் வைத்தோம். ஆக்சிஜன் குறையவே இல்லை. நீர் சுத்தம்தானே?

பதில்: வெளிச்சத்தில் வைத்தால் புட்டிக்குள் இருக்கும் பாசி ஆக்சிஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இருட்டில், 20 டிகிரியில், குமிழி இல்லாமல் மூடி, 5 நாள் வைத்து மறுபடி பாருங்கள். முதல் நாள் அளவையும் ஐந்தாம் நாள் அளவையும் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அலகோடு அனுப்புங்கள்.