காருக்குள் தண்ணீர்: பழைய கார் வாங்கியவர்களின் கேள்விகள்

கேள்வி: ஏழு வருடம் ஓடிய கார் ஒன்றை வாங்கினேன். மழை பெய்தால் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் கால் வைக்கும் இடம் நனைந்துவிடுகிறது. மெக்கானிக் கதவு ரப்பரை மாற்றினார், நிற்கவில்லை. முன் கண்ணாடியைச் சுற்றி சிலிகான் பூசினார், அதற்கும் நிற்கவில்லை. அடுத்து எதை மாற்றுவது?

பதில்: அடுத்து எதையும் மாற்றாதீர்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்ணால் பார்க்கும் வரை ஒரு ரூபாய்கூடச் செலவு வேண்டாம். இதுவரை நடந்தது எல்லாம் ஊகத்தில் செய்த வேலை.

நாம் காரை நாலா பக்கமும் அடைத்த பெட்டி என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் மழைத்தண்ணீர் காரின் உடம்புக்குள் பல இடங்களில் இறங்கத்தான் செய்கிறது. கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் போகும் தண்ணீர், கதவின் அடியில் இருக்கும் சிறு ஓட்டைகளில் வெளியேறிவிடும். முன் கண்ணாடியில் வழிவது வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் விழுந்து, இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகாலில் இறங்கித் தரைக்குப் போகும். ஆகவே பழைய கார் ஒழுகினால், புதிதாக ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது என்பதைவிட, இருக்க வேண்டிய ஓட்டை அடைபட்டிருக்கிறது என்று சந்தேகிப்பதே நல்ல தொடக்கம். இந்த நிலையில் சிலிகானை எடுத்துக்கொண்டு அலைந்தால், மிச்சமிருக்கும் வழியையும் நாமே அடைத்துவிடுவோம்.

முதலில் பானெட்டைத் திறந்து வைப்பர் பள்ளத்தைப் பாருங்கள். மரத்தடியில் நின்ற கார் என்றால் சருகும் மண்ணும் மக்கிப்போய் வடிகாலை மூடியிருக்கும். தண்ணீர் தேங்கி உயர்ந்தால், காற்றை உள்ளே இழுக்கும் வழியாகவே டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, சரியாக நீங்கள் சொல்லும் இடத்தில் வந்து சேரும். இதற்கு ஒரு நல்ல சாட்சி, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர். பல கார்களில் அது கையுறைப் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. கழற்றிப் பாருங்கள். ஈரமாகவோ, காய்ந்த நீர்க்கறையோடோ, சருகுத் துகளோடோ இருந்தால் வைப்பர் பள்ளம்தான் முதல் சந்தேகம்.

அது சுத்தமாக இருந்தால் கதவுக்கு வாருங்கள். கதவின் உள்பக்க அட்டைக்குப் பின்னால், தகரத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளோ மெல்லிய ஃபோம் தாளோ ஒட்டியிருக்கும். கதவுக்குள் இறங்கிய தண்ணீர் கேபின் பக்கம் திரும்பாமல் தடுப்பது இதுதான். முந்தைய உரிமையாளர் ஸ்பீக்கர் மாற்றியிருந்தாலோ, பவர் விண்டோ வேலை செய்திருந்தாலோ, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே அட்டையை மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு. மழைக்குப் பிறகு அட்டையின் கீழ் விளிம்பை உள்பக்கமாக விரலால் தடவிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் வெளி ரப்பரை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. கதவைத் திறந்து மூடும்போது உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டால் அடி ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றன. ஒரு மெல்லிய குச்சியே போதும்.

இரண்டும் இல்லையென்றால் ஹோஸ் சோதனைதான். காரை நன்றாகக் காய வைத்து, மேட்டை எடுத்துவிட்டு, கார்பெட்டை ஓரத்தில் தூக்கிவிடுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் வெளியே இருந்து மெல்லிய ஓட்டத்தில் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே போங்கள்: முதலில் கதவின் அடி, அப்புறம் கதவின் நடு, பிறகு வைப்பர் பள்ளம், கண்ணாடியின் ஓரம், கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்களாவது நிறுத்துங்கள். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, எது காரணம் என்றே தெரியாமல் போகும். வாட்டர் சர்வீஸ் பீய்ச்சியைப் பயன்படுத்தாதீர்கள். அந்த வேகத்துக்கு நல்ல ரப்பரும் வழிவிடும், பிறகு இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஈரம் தெரியும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வயர் கற்றையைப் பிடித்துக்கொண்டு, தகர மடிப்பில் ஓடி, தாழ்வான இடத்தில்தான் அது சொட்டும். சந்தேகமான இடங்களில் டிஷ்யூ பேப்பரை ஒட்டி வைத்தால் முதலில் எது நனைகிறது என்று பார்த்து மேல்நோக்கித் தேடிப் போகலாம். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகரத்தில் வயர் நுழையும் ரப்பர் வளையங்களையும் விட்டுவிடாதீர்கள். பிற்பாடு ஏதாவது எலக்ட்ரிக் சாமான் மாட்டியவர்கள் அதைக் குத்தி வயர் இழுத்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள்.

கடைசியாக, முன் கண்ணாடி எப்போதாவது மாற்றப்பட்டதா என்று விற்றவரிடம் கேளுங்கள். ஒட்டுப்பசை சரியாகப் பிடிக்காத கண்ணாடிக்கு வெளியே சிலிகான் பூசுவது வைத்தியம் ஆகாது. கழற்றி மறுபடி ஒட்டத்தான் வேண்டும். பழைய பில் கிடைத்தால், ஒட்டிய கடையின் உத்தரவாதம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண சிலிகானில் புளிப்பு வாடை வரும் வகை தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதையும் உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மழையே இல்லாத நாளிலும் முன்பக்கக் கார்பெட் நனைகிறது. இதுவும் அதே கோளாறா?

பதில்: இல்லை. அந்த ஈரத்தை ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து, நிறத்தையும் வாடையையும் பாருங்கள். நிறமும் வாடையும் இல்லாத தண்ணீர், அதுவும் ஏசி போட்ட நாளில் மட்டும் என்றால், ஏசித் தண்ணீரை வெளியேற்றும் டிரெய்ன் பைப் அடைத்திருக்கிறது. புழுக்கமான நாளில் ஏசி ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் அது உள்ளேதான் போகிறது. வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் சலசலப்புக் கேட்பதும் இதற்கு அடையாளம். சின்ன வேலை.

பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து, விரலில் வழுக்கி, இனிப்பு வாடை அடித்தால் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். சூடான கூலன்ட் ஓடி கேபின் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் கோர் கசிகிறது. கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்குப் போல மங்கும். கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே போகும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். கூலன்ட் தீர்ந்தால் இன்ஜின் சூடாகிக் கெடும். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்த ஈரத்தைத் தொட விடாதீர்கள்.

கேள்வி: டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியில் தண்ணீர் நிற்கிறது. டிக்கி ரப்பர் புதிதுபோல இருக்கிறதே?

பதில்: டிக்கி ரப்பரை எல்லோரும் குறை சொல்வார்கள்; ஆனால் பின் விளக்குக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் அட்டையை யாரும் பார்ப்பதில்லை. அதோடு மேல் பிரேக் லைட், கூரையில் ஆன்டெனா பொருத்திய அடிப்பகுதி, பின் பம்பருக்குள் மறைந்திருக்கும் காற்றுப்போக்கி மூடிகள் ஆகியவற்றையும் பாருங்கள். கதவை அறைந்து மூடும்போது கேபின் காற்று வெளியேற வைத்திருக்கும் மூடிகள் இவை. பின்பக்கம் அடிபட்டுச் சரி செய்த காரில் இவை கோணலாகப் பொருந்தியிருக்கலாம். ஒரு வசதி, டிக்கிக்குள் ஓர் ஆள் டார்ச்சோடு படுத்துக்கொண்டால் ஹோஸ் சோதனை சீக்கிரம் முடிந்துவிடும். உள்ளே இருப்பவரை மறந்துவிடாமல் இருந்தால் சரி.

கேள்வி: சன்ரூஃப் ஓரம் கூரைத்துணியில் கறை. வடிகால் குழாயில் கம்ப்ரஸர் காற்று அடித்தால் அடைப்புப் போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். வேகமான காற்று குழாயை அதன் இணைப்பிலிருந்து கழற்றிவிடலாம்; அதன் பிறகு வடிகால் முழுவதும் கூரைத்துணிக்குள்தான். பெரும்பாலான கார்களில் நான்கு மூலையிலும் குழாய் இருக்கும். முன்னிரண்டும் முன் தூண் வழியாகவும், பின்னிரண்டும் பின் தூண் வழியாகவும் இறங்கும். மூலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, காருக்கு அடியில் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் வளையக்கூடிய நைலான் இழையை மெதுவாக விட்டு எடுங்கள். கம்பி வேண்டாம், குழாயைக் குத்திவிடும்.

கேள்வி: பார்த்து வைத்திருக்கும் காரில் ஈர வாடையும், அதற்கு மேல் பலமான சென்ட் வாசனையும். மழை ஒழுகல்தான் என்கிறார் விற்பவர். வெள்ளத்தில் மூழ்கியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மழை ஒழுகல் பெரும்பாலும் ஈரத்தை மட்டுமே கொண்டுவரும், வெள்ளம் சேற்றையும் கொண்டுவரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். சுத்தம் செய்பவர்கள் வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவார்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியில் மண் கோடு நின்றுவிடும். சீட் தண்டவாளத்தின் அடியில் வண்டல், சீட் போல்ட்டில் துரு, டேஷ்போர்டுக்குக் கீழே வண்ணம் பூசாத கம்பிகளில் துரு, முகப்பு விளக்குக்குள் நீர்மட்டக் கோடு, பத்து வருடக் காரில் புத்தம் புதுக் கார்பெட் ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்பேன். மூழ்கிய காரின் எலக்ட்ரிக் இணைப்புகளில் அரிப்பு மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பரவும். வாங்கும் நாளில் எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்யும்.

உண்மையிலேயே மழை ஒழுகல் என்றால், வாங்குவதற்கு முன் விற்பவர் எதிரிலேயே ஹோஸ் சோதனை செய்து பாருங்கள். "இந்தக் கார் வெள்ளத்தில் மூழ்கியதில்லை" என்று விற்பனைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை எழுதத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

கேள்வி: ஒழுகலைச் சரி செய்தாகிவிட்டது. கதவைத் திறந்து வெயிலில் நிறுத்தினால் கார்பெட் காய்ந்துவிடுமா?

பதில்: மேல்பக்கம் காயும். கார்பெட்டுக்கு அடியில் தடித்த ஃபோம் இருக்கிறது. அது லிட்டர் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாடையும் பூஞ்சையும் தகரத்துத் துருவும் அங்கிருந்துதான் கிளம்பும். காலையில் கண்ணாடிகள் உள்பக்கம் பனி படிந்து நின்றால் ஃபோம் இன்னும் ஈரம் என்று அர்த்தம். சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, அடியில் மின்விசிறிக் காற்று போக வழி செய்து, சில நாள் விட வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் தெரிந்தால் அவை ஏர்பேக் இணைப்புகள். நீங்களே கழற்ற முயலாமல் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். சில கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டிகளே கார்பெட்டுக்கு அடியில் இருக்கும். கையோடு கையாக அவற்றின் இணைப்புகளில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.