நாட்டின் பிரதமரே தன் தொகுதியில் தோற்க முடியுமா? சிட்னியின் பென்னலாங் கதை

முடியும். 2007-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்ட் அப்படித்தான் தோற்றார்.

பென்னலாங் என்பது சிட்னியின் வடமேற்குப் புறநகர்த் தொகுதி. 1949-ல் உருவானதிலிருந்து 2007 வரை ஹோவர்டின் லிபரல் கட்சியின் கோட்டை. ஹோவர்ட் மட்டுமே 33 ஆண்டுகள் எம்.பி. ஆனால் எல்லை மறுவரையறையில் தொகுதி மேற்கே நகர்ந்து நகர்ந்து, ஹன்டர்ஸ் ஹில் போன்ற வசதியான பகுதிகள் வெளியே போயின; ஈஸ்ட்வுட், எப்பிங் உள்ளே வந்தன. ஈஸ்ட்வுட் கடைத்தெருவில் இன்று பெயர்ப்பலகைகள் பாதி சீனத்தில், பாதி கொரிய மொழியில். எல்லையும் வாக்காளரும் மாறினால் கோட்டை எப்படி நிற்கும்?

இன்னொரு காரணம், அங்கே வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும். கடைக்குப் பையனை அனுப்பும்போது "வடை வாங்கு, இல்லாட்டி பஜ்ஜி" என்கிறோமே, அதேதான். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசி இடத்தில் உள்ள வேட்பாளரின் ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். 2007-ல் முதல் விருப்ப ஓட்டில் ஹோவர்ட் மயிரிழையில் முன்னே. பசுமைக் கட்சி ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போனதும் தொழிற்கட்சியின் மாக்சின் மெக்யூ ஜெயித்தார்.

அப்புறம் 2010-ல் முன்னாள் டென்னிஸ் வீரர் ஜான் அலெக்சாண்டர் லிபரலுக்கு மீட்டார். 2022-ல் மறுபடி தொழிற்கட்சி.

பலர் நினைப்பதுபோல், இந்த விருப்ப ஓட்டைக் கட்சிகள் பங்கு போடுவதில்லை; எண்களை எழுதுவது வாக்காளர்தான், கட்சிகள் தருவது வெறும் பரிந்துரைச் சீட்டு.